குருத்தைக் கேட்டார்கள்

ஒட்டுக்காரம்மா என்றால் அந்த நாற்றுப் பண்ணையில் தண்ணீர் ஊற்றுகிறவர் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் தெரியும். மா, கொய்யா, ரோஜா எதுவானாலும் சரி, நாட்டுக் கன்றின் தலையை வெட்டி, அதன் மேல் நல்ல ஜாதிக் கொம்பைச் சீவிச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் காற்றுப் புகாமல் சுற்றிக் கட்டுகிற வேலை அவளுடையது. சாலையோரத்தில் பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து அவள் கட்டிய ஒட்டுகள் எத்தனையோ வீட்டு வாசலில் இன்று காய்த்துக்கொண்டிருக்கின்றன. கத்தி பிடித்தால் அவள் கை நடுங்காது.

கத்தியைக் கீழே வைத்துவிட்டால் அவளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி கிடையாது. பல்லி விழுந்தால் பயம். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் பயம். வேளை கெட்ட வேளையில் போன் அடித்தால் பயம், வெகுநேரம் அடிக்காவிட்டாலும் பயம். ஆண்டவன் ஒவ்வொருவருக்கும் ஒன்றை அளந்துதான் கொடுக்கிறான். அவளுக்குப் பயத்தை அளக்கும்போது மட்டும் யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டான் போலிருக்கிறது.

ஒட்டுக் கட்டுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கட்டின கொம்பில் துளிர் கண்டவுடனே "பிடிச்சிருச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். முதல் இலை என்பது கொம்பு தன்னிடம் மிச்சமிருந்த சாற்றை வைத்துக்கொண்டு விடுவது. அடிக்கன்றோடு சேராமலேகூட அது பச்சை காட்டும். பிறகு ஒரு நாள் திடீரென்று கறுத்துப்போகும். இரண்டாவது இலை வந்தால்தான் அடியும் கொம்பும் ஒன்றோடொன்று பேசிவிட்டன என்று அர்த்தம். அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. அவள் மற்றவர்களைவிட இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே பொறுத்துத்தான் அந்த வார்த்தையைச் சொல்வாள்.

அவளுக்கு உடன்பிறந்தவர் ஒரே ஒரு அண்ணன். வெல்டர். கதவு, ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வார். "நீ கொம்பை ஒட்டுறே, நான் கம்பியை ஒட்டுறேன். நம்மளைப் பெத்தவங்க பிள்ளை பெறல, பசை பெத்திருக்காங்க" என்று சிரிப்பார். வளர்ந்த ஒரு பெண்ணை வைத்திருக்கிற அவளை இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

சிறு வயதில் அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் கழிப்பறை கடைசியில் தனியாக இருந்தது. விளக்குக் கிடையாது. அந்த இருட்டுக்குள் போக அவளுக்குக் கால் வராது. அண்ணன் வெளியே நின்று விசிலடிப்பார். விசில் கேட்கிற வரை அவளுக்குத் தைரியம். நின்றுவிட்டால் உள்ளிருந்து, "அண்ணா, இருக்கியா?" என்று அழுகுரல் வரும். உடனே விசில் மறுபடி தொடங்கும். பாட்டு ஒன்றும் இல்லை, ஒரு தினுசாக மேலே ஏறி இறங்குகிற விசில், அவ்வளவுதான். வளர்ந்த பிறகும் அவள் வீட்டு வாசலுக்கு வந்ததும் அண்ணன் கதவைத் தட்ட மாட்டார், அதையே அடிப்பார்.

அந்த அண்ணனுக்குத்தான் பல் ஈறில் ரத்தம் வந்தது. பட்டறையில் லேசாக இடித்த இடமெல்லாம் நாவல்பழம் போலக் கன்றிப்போனது. வெல்டிங் சூடு, மோர் குடித்தால் சரியாகும் என்று தள்ளிப்போட்டார். மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்த அன்று அண்ணி அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். எலும்புக்குள்ளிருந்தும் எடுத்துப் பார்த்தார்கள். பிறகு வீட்டு ஆட்களை வரச் சொன்னார்கள்.

டாக்டர் நடுவயதுப் பெண். மேஜையைச் சுற்றி வந்து இவர்கள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்ததிலேயே ஒட்டுக்காரம்மாவுக்குச் செய்தி புரிந்துவிட்டது. நல்ல செய்தி சொல்கிறவர்கள் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தே சொல்லிவிடுவார்கள் அல்லவா.

ரத்தத்தில் செல் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். அவளுக்குத் தெரிந்த செல் இரண்டு. ஒன்று கையில் வைத்துப் பேசுகிற செல். இன்னொன்று பண்ணையில் பந்தல் கழியை உள்ளேயே தின்றுகொண்டு வெளியே மண் பூசி வைக்கிற செல், கரையான். அண்ணனின் எலும்புக்குள் கரையான் ஏறிவிட்டது என்றே அவளுக்குப் பட்டது. டாக்டர் சொன்னது வேறு. உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத செல்கள்தானாம். பிறக்கும்போது எல்லாம் ஒன்றுபோல இருக்குமாம். பக்கத்தில் இருப்பவை சொல்கிற சொல்லைக் கேட்டுக்கேட்டு ஒன்று மூச்சுக்காற்றைச் சுமக்கக் கற்றுக்கொள்ளும், ஒன்று கிருமியோடு சண்டை போடக் கற்றுக்கொள்ளும், ஒன்று காயத்தை அடைக்கக் கற்றுக்கொள்ளுமாம். போதும் நிறுத்து என்றால் நிறுத்திவிடுமாம்.

"இவர் எலும்புக்குள்ள இப்ப பிறக்கிறது எதுக்கும் காது கேக்கல. ஒரு வேலையும் கத்துக்கிறது இல்ல. நிறுத்துன்னாலும் நிறுத்துறது இல்ல. இடத்தை மட்டும் அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு."

"எங்க மச்சினன் மாதிரி" என்றார் அண்ணன்.

அண்ணி அவர் தொடையில் கிள்ளினார். டாக்டர்கூடச் சிரித்துவிட்டார். ஒட்டுக்காரம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கிள்ளின இடம் கன்றிப்போகுமே என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருந்து கொடுத்தார்கள். அடங்கினது மாதிரி இருந்து மறுபடி தலைதூக்கியது. இனி ஒரே வழிதான், உடன்பிறந்தவர்களுடையது பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். உடன்பிறந்தது அவள் ஒருத்திதானே. ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். பொருந்தக் கூடாது என்று அவள் வேண்டவில்லை. பொருந்த வேண்டும் என்றுதான் வேண்டினாள். ஆனால் வேண்டும்போதே உள்ளங்கை வேர்த்தது.

அச்சுக் குத்தினாற்போலப் பொருந்திவிட்டது.

கொடுக்கிறவர்களுக்கு விவரம் சொல்வதற்கென்று அங்கே ஒரு சிஸ்டர் இருந்தார். வாயில் நுழையாத வார்த்தை சொல்லி ஜனங்களைப் பயமுறுத்தக் கூடாது என்று நினைக்கிற நல்ல மனசு. அதனால் நல்ல சொல்லாகத் தேடிப்பிடித்து வைத்திருந்தார்.

"உங்ககிட்ட இருந்து குருத்தணுவை எடுத்து அண்ணனுக்குக் கொடுக்கப்போறோம்மா."

"என்னது, குருத்தா?"

"ஆமா, குருத்துதான். அதுல இருந்துதான் மத்த எல்லாமே வரும். பயப்படாதீங்க, ரத்தம் கொடுக்கிற மாதிரிதான்."

சிஸ்டர் அதற்கப்புறம் எவ்வளவோ சொன்னார். அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

அங்கிருந்து நேரே பண்ணைக்குப் போனாள். அன்றைக்குப் பார்த்தா அது நடக்க வேண்டும். முதலாளி ஒரு தென்னங்கன்றின் முன்னால் குனிந்து நின்றார். சுற்றி ஓலையெல்லாம் பச்சைப் பசேலென்று இருந்தது. நடுக்குருத்தை அவர் லேசாக இழுத்ததும் அது கையோடு வந்துவிட்டது. அடியில் அழுகல் நாற்றம். வண்டு குடைந்திருந்தது.

"குருத்துப் போச்சு. ஓலை பச்சையா இருந்து என்ன புண்ணியம்? இதுக்கு மேல இது உயிரோட இருக்கிற மாதிரி நடிக்கும், அவ்வளவுதான். தூக்கி வெளிய போடச் சொல்லும்மா" என்றார்.

அவள் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். கொம்பை வெட்டினால் மரம் துளிர்க்கும். இலையைக் கிள்ளினால் துளிர்க்கும். வேரில் பாதி போனாலும் துளிர்க்கிற மரம் உண்டு. குருத்து ஒன்றுதான், அதை எடுத்தால் எடுத்ததுதான். அதையல்லவா கேட்கிறார்கள். சிஸ்டர் சிரித்த முகமாகச் சொன்னது அவளுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. ஊசி குத்துகிறவர்கள் எறும்பு கடிக்கிற மாதிரி என்றுதானே சொல்வார்கள். ஒருவர் பிழைக்க இன்னொருவர் போக வேண்டும் என்று அண்ணனும் அண்ணியும் முன்பே தெரிந்துதான் கேட்கிறார்களோ? அந்த நினைப்பு வந்ததும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அவர்களுக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று தீர்மானித்துக்கொண்டாள். தெரிந்தால் அண்ணன் ஒப்புக்கொள்ளவா செய்வார்? அதனால்தான் சொல்லவில்லை. அப்படியானால் தானும் சொல்லக் கூடாது.

காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். ஊரை விட்டே கொஞ்ச நாள் போய்விடலாமா என்று பார்த்தாள். பள்ளிப் படிப்பு முடிக்கப்போகிற மகளை நினைத்தால் போகலாம் என்று தோன்றியது. இந்தக் குழப்பத்தோடுதான் மறுநாள் அண்ணனைப் பார்க்கப் போனாள். எப்படியாவது முடியாது என்று சொல்லிவிட வேண்டும் என்றே வாசல் வரை போனாள். ஈறு வீங்கி, முகம் சாம்பல் பூத்து, கட்டிலில் சுருண்டு கிடந்த மனிதர் இவள் செருப்புச் சத்தம் கேட்டதும் கண்ணைத் திறக்காமலே விசிலடித்தார். மேலே ஏறி, இறங்கி.

"நான் குடுக்கிறேன்னு சொல்லிட்டேண்ணா" என்றாள்.

"ஊசிக்கே ஓடுறவ. பாத்து, மயக்கம் போட்டு மிஷின் மேல விழுந்துடாத. அதுக்கும் சேத்து நான் வெல்டிங் வைக்கணும்."

அதன் பிறகு அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வீட்டை ஒழுங்கு செய்தாள். மகளின் தலையை வாரிவிடும்போது வழக்கத்தைவிட மெதுவாக வாரினாள். புருஷனை அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டுச் சோறு வடிக்கக் கற்றுக்கொடுத்தாள். அவர் சின்ன லோடு வேன் ஓட்டுகிறவர். சாதுவான மனிதர். கரண்டியைப் பிடித்துக்கொண்டு முழித்தார்.

"இத்தனை வருஷமா என்னை இந்தப் பக்கம் அண்ட விட்டதில்ல. இப்ப என்ன திடீர்னு? எங்கயாவது போறியா?"

"எங்க போறது? அரிசியை ரெண்டு தண்ணி கழுவணும்."

"பொண்ணை நாளைக்குக் கட்டிக்குடுத்தா நீயும் நானும்தானே. நீ வடி, நான் தின்கிறேன்."

"வடிக்கும்போது முகத்தைத் தள்ளி வச்சுக்கணும். ஆவி அடிக்கும்."

அவர் சந்தேகமாகப் பார்த்தார். அவள் மூடியை எடுத்து நீட்டினாள். அன்றைக்குச் சோறு குழைந்து கஞ்சியாகிவிட்டது. எல்லோரும் அதையே ஊற்றிக் குடித்தார்கள்.

குருத்தை எலும்புக்குள்ளிருந்து ரத்தத்துக்கு வரவழைக்க, எடுப்பதற்கு முன்னால் சில நாள் தினமும் ஊசி போட்டார்கள். ஊசி வலி ஒன்றுமில்லை. அதற்கு அப்புறம் வந்ததுதான் வலி. இடுப்பு, முதுகு, நெஞ்செலும்பு எல்லாம் உள்ளேயிருந்து யாரோ மெதுவாகத் திருகுவது போல வலித்தது. சிஸ்டரிடம் சொன்னாள். "வலிக்குதா? ரொம்ப நல்லது. எலும்பை விட்டு எல்லாம் கிளம்புது, அதான்" என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் அதோடு போயிற்று.

அவள் கடவுளோடு சண்டை போடுகிற ரகம் இல்லை. "எடுக்கிறதை எடுத்துக்கோ சாமி. எடுத்தது வீணாப் போகாம அவர்கிட்டச் சேத்துடு. பொண்ணு பரீட்சை எழுதி முடிக்கிற வரைக்கும் என்னை நடிக்கவாவது விடு" என்று கேட்டாள். அந்தத் தென்னங்கன்று சில நாள் பச்சையாகவே கிடந்ததே, அதைத்தான் மனதில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

எடுக்கிற நாளில் இரண்டு கையிலும் ஊசி குத்திப் படுக்க வைத்தார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் வெளியே போய், கட்டிலருகே சுழன்றுகொண்டிருந்த மிஷினுக்குள் நுழைந்து, வேண்டியதை அங்கே விட்டுவிட்டு மறு கை வழியாக உடம்புக்கே திரும்பி வந்தது. மேலே தொங்கின சின்னப் பையில் தக்காளிச் சாறு போல ஏதோ துளித்துளியாகச் சேர்ந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்க்காமலும் இருக்க முடியவில்லை. பக்கத்தில் அண்ணி உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நேரத்தில் உதடு மரத்தது. பிறகு உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருந்தது. விரல் நுனியும் அப்படியே. ஓரத்திலிருந்து ஆரம்பித்துவிட்டது, ஓலை நுனி காய்வது போல என்று எண்ணிக்கொண்டாள்.

"சிஸ்டர், இன்னும் எவ்வளவு நேரம் இருக்கும்?"

"ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிடும்மா" என்றார் சிஸ்டர், மிஷினைப் பார்த்தபடியே.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். அழுகை வரவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

"அண்ணி, பொண்ணோட சிவப்புச் சுடிதார் தையல்கடையில இருக்கு. கை கொஞ்சம் பிடிக்குது, பிரிச்சு விடச் சொல்லுங்க. அவர் தண்ணி அதிகமா வச்சுடுறாரு, சோறு குழையுது. குறைச்சு வைக்கச் சொல்லுங்க."

"அதை நீங்களே சொல்லுங்களேன்."

"நான் எங்க அண்ணி? ரெண்டு மணி நேரம்தானே இருக்கு. அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னா உடம்புல ஒட்டாது."

அண்ணிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் எழுந்து நின்று, "ஐயோ, இவங்க சாகப்போறேன்னு நினைச்சுக்கிட்டுப் படுத்திருக்காங்க" என்று கத்திவிட்டார். சிஸ்டர் ஓடி வந்தார். டாக்டரும் வந்தார். உதடு மரப்பது ரத்தம் உறையாமல் இருக்கக் கலக்கிற மருந்தினால்தான் என்று ஒரு சுண்ணாம்புச்சத்து மாத்திரையை வாயில் போட்டு மெல்லச் சொன்னார்கள். மென்றதும் எறும்புகள் ஒவ்வொன்றாகப் போயின. பிறகு தென்னங்கன்று, வண்டு, குருத்து என்று ஒட்டுக்காரம்மா முன்னும் பின்னுமாகச் சொன்னதைக் கேட்டுச் சிஸ்டரின் முகம் வெளுத்துப்போனது.

"நல்ல வார்த்தையாச்சேன்னு சொன்னேன்மா. இப்படி ஆகும்னு தெரியாம" என்று அவள் தலையைத் தடவினார்.

"தென்னங்குருத்து இல்லம்மா. கீரைன்னு நினைச்சுக்கோங்க" என்றார் டாக்டர். "கிள்ளினா தழையும். நிறைய இருக்கு, அதுல கொஞ்சம்தான் எடுக்கிறோம். சீக்கிரமே உடம்பு அதைத் திருப்பிச் செஞ்சுக்கும்."

"அப்ப நான்?"

"சாயங்காலம் வீட்டுக்குப் போவீங்க."

அண்ணிக்குப் பிடித்துக்கொள்ளக் கை கிடைக்கவில்லை. இரண்டிலும் ஊசி இருந்ததே. அதனால் கால்மாட்டில் போய் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். மிஷின் நிற்கிற வரை அதை விடவே இல்லை.

பயம் அத்தோடு போயிருக்க வேண்டும். பயம் ஒரு சட்டையைக் கழற்றி இன்னொன்றை மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

அந்தப் பையை அண்ணனுக்கு ஏற்றினதை அவள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். கிருமி புகாத தனி அறை. அண்ணனுக்குத் தலைமுடி, புருவம் ஒன்றும் இல்லை. வாயெல்லாம் புண், எச்சில் விழுங்கவே முடியவில்லை. நெஞ்சில் செருகியிருந்த குழாய் வழியாகச் சாதாரணக் குளுக்கோஸ் போலத்தான் அது இறங்கியது. அவளுக்கு ஒன்று பிடிபடவில்லை. ரத்தத்தில் விடுகிறார்கள், போக வேண்டியதோ எலும்புக்குள். வழி யார் காட்டுவார்கள்? டாக்டரிடமே கேட்டாள்.

"எலும்பே கூப்பிடும்மா. நாய்க்கு வாசனை மாதிரி, எலும்பு ரத்தத்துல ஒண்ணை விடும். அதைப் பிடிச்சுக்கிட்டே இது போய்ச் சேரும். போனப்புறம் அங்க இருக்கிற செல் எல்லாம் இங்க சிவப்பு வேணும், இங்க வெள்ளை வேணும்னு சொல்லும். அதைக் கேட்டு ஒவ்வொண்ணும் தன் வேலையைக் கத்துக்கும்."

"கூப்பிட்டும் போகலைன்னா?"

 கெட்ட செல்லோடு சேர்த்து அண்ணனின் பழைய செல் முழுவதையும் மருந்து கொடுத்து அழித்தாயிற்று என்றார் டாக்டர். இனி வருவது இவளுடையதிலிருந்துதான் வர வேண்டும், பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

அவளுக்கு அது நன்றாகவே புரிந்தது. கன்றின் தலையை வெட்டியாகிவிட்டது. இனிக் கொம்பு பிடித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அன்றிலிருந்து அவளை ஒரு நினைப்பு பிடித்துக்கொண்டது. யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். போனது யாருடைய செல்? அவளுடையது. பயந்தாங்கொள்ளி செல். எலும்புக்குள் இருட்டாகத்தானே இருக்கும்? விசில் கேட்காமல் அவள் ஒரு நாளாவது இருட்டில் கால் வைத்திருக்கிறாளா? விசிலடிக்க வேண்டியவரோ வாய் முழுக்கப் புண்ணோடு கிடக்கிறார். அவளுடைய செல்லெல்லாம் எலும்பு வாசலில் கும்பலாக நின்று, "அண்ணா, இருக்கியா, இருக்கியா" என்று நடுங்கிக்கொண்டிருப்பதாகவே அவளுக்குத் தோன்றியது.

தினமும் காலையில் ரத்தத்தைச் சோதித்து, கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளைச் செல் எவ்வளவு என்று ஓர் எண் சொல்வார்கள். அண்ணி போன் செய்து அதை ஒப்பிப்பார். எண் இறங்கிக்கொண்டே போய் இல்லை என்கிற அளவில் நின்றது. பண்ணையில் அவளுக்கு வேலை ஓடவில்லை. கட்டின ஒட்டில் ஒன்றிரண்டு கறுத்தன. கறுத்ததை யாரும் பார்க்காமல் பிடுங்கிக் குப்பைக்குழியின் அடியில் போட்டு மூடினாள். "ஏம்மா, செடிக்கு எழவு கொண்டாடுறியா?" என்று முதலாளி கேட்டார். அப்புறம் விஷயம் தெரிந்தவர் என்பதால் வாயை மூடிக்கொண்டு தானே போய் ஒரு டீ வாங்கி வந்து வைத்தார்.

ஒரு நாள் எண் கொஞ்சம் ஏறியது. மறுநாளும் ஏறியது. அண்ணி போனிலேயே அழுதார். புருஷன் வேனை நிறுத்திவிட்டு ஓடி வந்து, "பிடிச்சிருச்சாம்ல" என்றார். அவள் அவர் வாயைப் பொத்தினாள்.

"அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க. இது முதல் இலை."

அவள் பயந்தது போலவே ஆயிற்று. அந்த வாரமே அண்ணனின் உள்ளங்கையிலும் மார்பிலும் தீயில் வாட்டினது போலச் சிவந்து தடித்தது. அவள் ஓடினாள். அவளுடைய செல்தான் காரணம் என்றார் டாக்டர். போன இடத்தில் பார்க்கிறதையெல்லாம் அந்நியம் என்று நினைத்துச் சண்டை போடுகிறதாம். கொஞ்சம் போட்டால் நல்லதுதானாம், பழைய நோய் எங்காவது ஒளிந்திருந்தால் அதையும் தீர்த்துவிடும். மீறினால் ஆபத்து. அடக்க மருந்து கொடுத்திருக்கிறோம், பார்க்கலாம் என்றார்.

ஆக, தன் செல் பயந்து வாசலிலேயே நின்றுவிடும் என்று கவலைப்பட்டவளுக்கு, அது உள்ளே போய் அண்ணனையே அடிக்கிறது என்று செய்தி வந்தது. அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே அண்ணன் தூக்கத்தில் இருந்தார். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஜெபம் என்று நினைத்துப் புருஷன் கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்றார். பிறகு கிட்டே வந்து கேட்டால் அது ஜெபம் மாதிரியே இல்லை.

"யாரைத் திட்டுறே?"

"எங்க ஆளுங்களை. போன இடத்துல இப்படியா நடந்துக்கிறது? இது யாரு வீடுன்னு தெரியல அதுகளுக்கு. இருட்டுல துணைக்கு நின்ன மனுஷன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்."

புருஷன் கண்ணாடியில் அவள் மூச்சுப் பட்டுப் பனித்த இடத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டார், அவளுக்கு உள்ளே தெரியட்டும் என்று.

அதற்கப்புறம் அவள் செய்தி கேட்பதையே விட்டுவிட்டாள். அண்ணி போன் செய்தால் புருஷனிடம் கொடுத்துவிடுவாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தால், "வேண்டாம்" என்பாள். நல்லதென்றாலும் கெட்டதென்றாலும் தாங்க முடியாது என்கிற நிலைக்கு வந்துவிட்டாள்.

ஒரு முற்பகலில் பண்ணையில் மாங்கன்றின் தலையை வெட்டிவிட்டுக் கொம்பைச் சீவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வைத்திருந்த போன் அடித்தது. அண்ணியின் நம்பர். அந்த நேரத்தில் அவர் கூப்பிடுகிற வழக்கமே இல்லை. அன்றைக்குத்தான் கத்தி பிடித்த கை முதன்முதலாக நடுங்கியது. எடுக்கவில்லை. நின்று மறுபடி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். பேச்சில்லை. யாரோ மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அண்ணி அழுகிறார், அவ்வளவுதான், முடிந்தது என்று எண்ணினாள்.

மூச்சோடு மூச்சாக ஒரு காற்று கசிந்தது. பாதி காற்றும் பாதி எச்சிலுமாக, ஓட்டைக் குழாய் போல. அது மேலே ஏறப் பார்த்தது, முடியாமல் நின்றது, மறுபடி தொடங்கி ஏறி இறங்கியது.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, இருக்கியா?"

மறுபடி அதே விசில். இந்தத் தடவை கொஞ்சம் தெளிவாக.

வாய்ப்புண் ஆறிவிட்டதாம். புதுச் செல் வந்தால்தான் அது ஆறும் என்று டாக்டர் சொன்னாராம். மேலே இருந்த தடிப்பும் அமுங்கிவிட்டது. வெள்ளைச் செல்லுக்குப் பிறகு, காயத்தை அடைக்கிற செல்லும் தானாகவே ஏறத் தொடங்கியிருக்கிறது. இதையெல்லாம் அண்ணன் குளறிக் குளறிச் சொன்னார். சொல்லிவிட்டு, "இனி என்னைக் கொசு கடிச்சாலும் அது குடிக்கிறது உன் ரத்தம்தான் பாப்பா. அப்புறம் அதுவும் பயந்துக்கிட்டே பறக்கும்" என்றார்.

அவள் சிரித்தாள். அண்ணன் அதோடு பேச்சை நிறுத்தவில்லை.

"உங்க அண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டா. நீ சாகப்போறோம்னு நினைச்சுக்கிட்டா வந்து படுத்தே?"

அவள் பிளாஸ்டிக் நாடாவை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள்.

"அறிவிருக்கா உனக்கு?" என்றவருக்குக் குரல் உடைந்துவிட்டது.  இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு, இருக்கிறோம் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். சீவின கொம்பு காற்றில் காயத் தொடங்கியது. அவள் முந்தானையால் அதை மூடிக்கொண்டாள்.

போனை வைத்ததும் முதலாளி பந்தலுக்குள் வந்தார். அவள் கண்ணைப் பார்த்துவிட்டுத் தயங்கி, "அண்ணனுக்கு என்னம்மா?" என்றார்.

"பிடிச்சிருச்சுங்க" என்றாள்.

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை அவ்வளவு சுலபத்தில் வந்து அவர் கேட்டதில்லை. சொன்ன பிறகுதான் அவளுக்கே பயம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். ஆண்டவனே, அவசரப்பட்டுவிட்டேனா என்று கைக்குள்ளேயே முணுமுணுத்தாள். பிறகு வெட்டின கன்று காத்திருக்கிறதே என்று நினைவு வந்து, கொம்பைத் துடைத்துச் செருகி, நாடாவை எடுத்துக் காற்றுப் புகாமல் சுற்றத் தொடங்கினாள்.